பதினேழாம் வளைவில் ஒரு தட்டு

பொன்முடிச் சாலையின் பதினேழாம் வளைவுக்கு அந்த நீண்ட வெள்ளை வண்டி வந்து சேர்ந்தபோது மணி நான்குதான். ஆனால் மூடுபனி அதற்குள் இறங்கியிருந்தது. தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக மறைந்துகொண்டிருந்தன. ஈரமண் வாடையும் சூடேறிய எஞ்சினின் வாடையும் கலந்து உள்ளே வந்தன.

தாணுலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதினோரு வருடமாக இந்த மலைக்கு அவர் எந்த வண்டியையும் ஓட்டி வந்ததில்லை. இன்றைக்கும் வந்திருக்க மாட்டார்; முதலாளி ஸ்ரீகுமார்தான் விடவில்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்தக்கடை வைத்திருப்பவர். படுக்கையறை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்தப் பன்னிரண்டு மீட்டர் மோட்டார் ஹோமை வாங்கிய கையோடு, முதல் பயணம் பொன்முடிக்குத்தான் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். அவர் மனைவி கிருஷ்ணவேணி தலைசுற்றலோடு பின்னால் படுத்திருந்தாள்.

“என்ன அண்ணாச்சி, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்ரீகுமார் சிரித்தார். “பின்னாடி ஆக்ஸிலும் திரும்புற வண்டியாக்கும். பேடிக்கவே வேண்டாம்.”

“திரும்பும் சாரே. முன்சக்கரம் இந்தப் பக்கம்னா அது அந்தப் பக்கம் திரும்பும். வளைவு லேசாயிரும், ஆனா வாலு வெளிய வீசும். பின்னாடி ஒரு ஆளு நிக்கணும்.”

“கேமரா உண்டுல்லா? ஆளு எதுக்கு?”

முன்பு ஒரு ஆள் இருந்தான். தாணுலிங்கம் அப்போது ஓட்டிய டூரிஸ்ட் பஸ்ஸில் கிளீனராக இருந்த பிச்சைக்கனி. பின்னால் நின்று தகரத்தில் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் போகலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். இதே வளைவில்தான், “குளிருது அண்ணாச்சி, ஒரு வாய் சாயா தாங்களேன்” என்று கேட்டான்.

“மேல போயிக் குடிக்கலாம் மக்கா. மொதல்ல எறங்கு.”

பின்னோக்கி வந்த பஸ் அவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. தட்டிய சத்தம் கேட்கவில்லை என்று தாணுலிங்கம் போலீசிடம் சொன்னார்; பிச்சைக்கனியின் மனைவியிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர், அன்றைய உண்மையை மட்டும் சாமியிடம்கூடச் சொன்னதில்லை.

வளைவின் நடுவே மண் சரிந்து கிடந்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் எடுத்து ஒடித்தால்தான் அதைச் சுற்றிப் போக முடியும்.

கேமராத் திரையில் வெறும் சாலை. வெறும் பனி. ஸ்டியரிங்கை ஒடித்து மெல்ல நகர்த்தினார். பின்னால் ஆக்ஸில் முனகிக்கொண்டு திரும்பியது.

டொப்.

ஒரே தட்டு.

“கேட்டுதா சாரே?”

“கல்லு தெறிச்சிருக்கும். பின்னாடி கிளியர். இன்னும் ஒரு அடி எடுங்க.”

இன்னும் ஒரு அடி.

தாணுலிங்கம் பிரேக்கை மிதித்தார். ஈரத்தில் வண்டி நிற்காமல் வழுக்கியது. திரையின் ஓரத்தில், பின்சக்கரங்களின் கோணம் காட்டும் எண் மளமளவென்று குறைந்து பூஜ்யத்துக்கு வந்தது. ஸ்டியரிங்கை அவர் அசைக்கவே இல்லை.

யாரோ சக்கரங்களைக் கையால் பிடித்து நேராக்கியது போல.

வண்டி நின்றது. இருவரும் இறங்கிப் பின்னால் ஓடினார்கள்.

கேமராவுக்கு எட்டாத ஓரத்தில், வண்டியின் பின்மூலைக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே கிருஷ்ணவேணி குத்தவைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கும் மூலைக்கும் இடையே ஒரு சாண்தான்.

“சொல்லாம எறங்கலாமா, வேணி?” ஸ்ரீகுமார் அவளைப் பிடித்துத் தூக்கினார்.

“ஒமட்டிச்சு. பக்கக் கதவத் தெறந்து எறங்கிட்டேன். நீங்க ரெண்டுபேரும்தான் திரையவே பாத்துக்கிட்டிருந்தீங்களே.” அவள் சுற்றிலும் பார்த்தாள். “வண்டியத் தட்டி நிறுத்தினாரே, அந்த ஆளு எங்க? சட்டையெல்லாம் நனைஞ்சு, பாவம், நடுங்கிக்கிட்டு நின்னாரு.”

பனியில் யாருமில்லை.

தாணுலிங்கம் தன் பிளாஸ்கை எடுத்து வந்தார். மூடி நிறையச் சாயா ஊற்றிச் சுவரின்மேல் வைத்தார்.

“அன்னைக்கி எனக்குக் கேட்டுது கனி,” என்றார் பனியைப் பார்த்து. “நல்லாவே கேட்டுது. இன்னும் ஒரு அடி போகலாம்னு நெனச்சேன்.” பிறகு ஸ்ரீகுமார் பக்கம் திரும்பினார். “நாளைக்கி அவன் வீட்டுல போயிச் சொல்லணும் சாரே. லீவு வேணும்.”

ஸ்ரீகுமார் தலையாட்டிவிட்டு மனைவியை வண்டிக்குள் ஏற்றினார்.

மூவரும் முன்னாலேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். எஞ்சின் உறுமியது.

டொப். டொப்.

மேலே போகும் ஆசை ஸ்ரீகுமாருக்கு விட்டுப்போயிருந்தது. அடுத்த அகலமான இடத்தில் திருப்பிக்கொண்டு, நேராகக் கரமனையில் முதலாளியின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டுக்குள் வண்டியைப் பின்னோக்கி எடுத்தார் தாணுலிங்கம். சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது,

டொப்.

இந்த முறை சத்தம் வெளியிலிருந்து வரவில்லை.

அவர் எழுந்து உள்ளே நடந்து படுக்கையறைக் கதவைத் தள்ளினார். யாருமில்லை. விரிப்பில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம். பக்கத்தில், சுவரின்மேல் விட்டுவந்த பிளாஸ்க் மூடி.

காலியாக இருந்தது. தொட்டுப் பார்த்தார்.

இன்னும் சுட்டது.