கல்லாக நின்ற பிரேக்

காரில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஸ்டீயரிங்கில் செல்வக்குமார். அவனுக்கு நேர் பின்னால் அவன் அம்மா கோமதித்தாய். அவள் பக்கத்தில் அர்ச்சனைப் பை. முன்பக்க இடது சீட் காலி.

வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணி. சங்கரன்கோவில் கோயிலிலிருந்து திரும்பிய கார், வேகத்தடையில் குலுங்கி இறங்கியதும் பிரேக் பிடிக்காமல் ஞானபூரணத்தின் இட்லிக்கடைக்குள் புகுந்தது. அவள் கால் முறிந்தது.

முந்தின நாள்தான் யாகூப் பட்டறையில் பிரேக் ஆயில் மாற்றியிருந்தார்கள். "ஆளைக் கொல்லப் பாத்தீரேவே!" என்று ஊர் பார்க்க யாகூபின் சட்டையைப் பிடித்தான் செல்வக்குமார். புகாரும் கொடுத்தான். பட்டறைக்குப் பூட்டு, யாகூப் ஸ்டேஷன் பெஞ்சில்.

மறுநாள் எஸ்.ஐ. இசக்கிச்செல்வி தாயையும் மகனையும் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னாள். கார் வாசலில் நின்றது.

"பெடல் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி? தரையோட போச்சா?"

"இல்ல மேடம். கல்லு மாதிரி நின்னுச்சு."

"ஆயில் போயிருந்தா மெத்துன்னு இறங்கும். அதுவும் இந்த வண்டிக்கு ரெண்டு பிரேக் லைன். ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கும். ஆயில் சொட்டு குறையல. இப்ப மிதியும்."

மிதித்தான். ஒழுங்காக இறங்கியது.

"ஹேண்ட் பிரேக் சுவிட்ச இழுத்துப் பிடிச்சீரா?"

"அது வண்டிய நிறுத்தி வைக்கதுக்குன்னுல்லா நெனச்சேன்."

வாசல் பெஞ்சில் இருந்த யாகூப் தரையைப் பார்த்தார். ஆபத்துக்கு அதை இழுத்துப் பிடிக்கலாம் என்று அவர் பட்டறையில் சொல்ல வந்ததும், "எனக்குத் தெரியும்வே" என்று தான் அவர் வாயை அடைத்ததும் செல்வக்குமாருக்கு நினைவு வந்தது. காது சுட்டது.

இசக்கிச்செல்வி டார்ச் அடித்தாள். பெடலுக்கு அடியில் எறும்புச் சாரை. அது போய்ச் சேர்ந்த இடத்தில் வெள்ளையாய்ச் சில துணுக்குகள்.

"அம்மா, அர்ச்சனைத் தேங்காய் ரெண்டு மூடியும் பையில இருந்துச்சா?"

கோமதித்தாய் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"பை சாஞ்சு ஒரு மூடி சீட்டுக்கடியில முன்னால ஓடிட்டு. இவன் கடைக்குள்ள ஓடினப்போ நான்தான் பெடலுக்கடியில இருந்து உருவினேன். சாமி பிரசாதத்துல புள்ள கால் வச்சுட்டானேன்னு வெளிய சொல்லக் கூசிச்சு. தூரப் போடவும் மனசில்ல. வீட்டுல இருக்கு."

"யாகூப் பெஞ்சில இருக்காருன்னு தெரியும்லா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"அவர் போகலாம். கேஸ் இனி உம்ம பேர்ல, அண்ணாச்சி."

யாகூப் செல்வக்குமார் அருகில் ஒரு கணம் நின்றார். "எறும்பத் தொடச்சுட்டு ஓட்டும்வே."

பட்டறை அடுத்த தெருதான். நேரில் போய் மன்னிப்புக் கேட்க செல்வக்குமாருக்குக் கால் வரவில்லை. யாகூபுக்குக் கடிதம் எழுதினான்: சட்டையைப் பிடித்தது, சொல்ல விடாதது, எல்லாம். இதை அவர் இட்லிக்கடை முன்னால் ஊர் கேட்கச் சத்தமாக வாசிக்கலாம் என்றும் எழுதினான்.

"ஏலே, என் பேரையும் போடு," என்றாள் அம்மா. உறையைப் பசை தடவி ஒட்டியதும் அவள்தான்.

தபால் பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்டது. செல்வக்குமார் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.