காலி வீட்டில் ஒரு வாடை

அது செவ்வாய்க்கிழமை என்று என் ஞாபகம். ரெபெக்கா வியாழன் என்கிறாள். என் ஞாபகத்தின் மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. என் மனைவிக்கு அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே வியாழன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன் அடித்தது.

நான் எடுக்கவில்லை. படிக்கும்போது எடுப்பதில்லை.

மறுபடியும் அடித்தது... மறுபடியும்...

"ஏங்க, உங்க மடியிலதான அடிக்குது?" கிச்சனிலிருந்து ரெபெக்கா.

எடுத்தேன். போலீஸ்!

"மிஸ்டர் ஞானசீலன்? பைன் தெருவில் உள்ள வீடு உங்களுடையதா?" என்று கேட்டது ஓர் ஆங்கிலக் குரல்.

"ஆமாம்."

"உள்ளேயிருந்து ஒரு வாடை வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தார்."

"என்ன வாடை?"

குரல் சற்றுத் தயங்கியது.

"பிணவாடை."

புத்தகம் கீழே விழுந்தது. எந்தப் பக்கத்தில் விட்டேன் என்பது இன்றுவரை தெரியாது.

நாங்கள் இருப்பது மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில். அந்த வீடு பக்கத்து டவுன்ஷிப்பில். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டேன். ஏறியது. இன்னும் ஏறட்டும் என்று விட்டேன். கூரை மேல் செடிகொடிதான் ஏறியது.

"இன்னைக்குன்னு பாத்து இது நடக்கணுமா?" காரில் புலம்பினேன். "இன்ஸ்பெக்‌ஷன் வர்ற நாள்ல..."

அங்கே ஒரு புதுச் சட்டம். ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கணக்கெடுக்கிறார்கள். யாரும் குடியில்லை என்று உறுதியானால், டவுன்ஷிப் நிர்வாகமே வீட்டைக் கையில் எடுத்து, பழுது பார்த்து, வீடில்லாத குடும்பம் ஒன்றைக் குடிவைக்கும்.

நல்ல சட்டம். என் வீட்டுக்கு வரும்வரை நானும் அதை ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

"வீடு போயிடுமா, ரெபெக்கா?"

வழக்கமாகப் பேசாமல் இருப்பவன் நான். அவள் பேசாமல் வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் போலீஸ் கார். ஆறடிக்கு மேல் ஓர் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் டவுன்ஷிப்பின் வீட்டு ஆய்வாளர். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'ஷ்ரேயா' என்று இருந்தது. எங்கள் மகள் வயது இருக்கும்.

"நம்ம ஊர்ப் பொண்ணா?" என்றேன் தமிழில்.

"தெலுங்கா இருக்கும். நீங்க சும்மா வாங்க."

கதவில் எண் பூட்டு. அதிகாரி ஒதுங்கி நின்று, திற என்று சைகை காட்டினார்.

எனக்கு எண் மறந்துவிட்டது.

"நம்ம கல்யாண நாள்ங்க," என்றாள் ரெபெக்கா, பல்லைக் கடித்தபடி.

அழுத்தினேன். சிவப்பு விளக்கு.

மாற்றி அழுத்தினேன். மறுபடியும் சிவப்பு.

அதிகாரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஷ்ரேயா ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ரெபெக்கா என்னைத் தள்ளிவிட்டு அழுத்தினாள். பச்சை.

கதவு திறந்தது... வாடை முகத்தில் அறைந்தது!

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். ஷ்ரேயா இரண்டடி பின்வாங்கினாள்.

எனக்கு எச்சில் ஊறியது.

பிணவாடைக்கு எச்சில் ஊறிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்குள் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நான் படிக்கிற புத்தகங்கள் அப்படி.

ஹாலுக்குள் நுழைந்தோம்.

ஜன்னலோரம் ஒரு பாய். பாயின் மேல் தலை முதல் கணுக்கால் வரை வெள்ளைத் துணி போர்த்திய... உடல்! துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள்.

அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது. நான் ரெபெக்காவின் முதுகுக்குப் பின்னால் போனேன். குடும்பத்தைப் பாதுகாக்க ஆளுக்கொரு முறை.

பாதம் அசைந்தது!

துணி விலகியது. நரைத்த தலை ஒன்று எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

"ஏனுங் ரெபெக்கா," என்றது அந்தத் தலை, "இத்தனை பேரைக் கூட்டியாறதா இருந்தா சொல்லப்படாதா? இன்னும் ரெண்டு கை நெத்திலி போட்டிருப்பனே."

கருவாடு! அடுப்பில் குழம்புச் சட்டி. வாயில் ஊறியதற்கு அர்த்தம் புரிந்தது. நான் மனிதன்தான்.

"யாரு இவங்க?"

"சாந்தாமணி ஆன்ட்டி. தீபக்கோட அம்மா," என்றாள் ரெபெக்கா.

தீபக் எங்கள் தெருவில் இருப்பவன்.

"அவன் வீட்ல கருவாடு வறுத்தனுங்," என்றார் ஆன்ட்டி. "அலாரம் கத்தி, ஃபயர் எஞ்சினே வந்துருச்சு. மருமக ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூட அங்கயே இருந்திருப்பேன்."

"நான்தான் பூட்டு நம்பர் குடுத்தேன்," என்றாள் ரெபெக்கா. "வின்டர்லேருந்து இங்கதான் இருக்காங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன். புக்லேருந்து தலை தூக்காம 'ம்'னீங்க. போன மாசமும் சொன்னேன். அப்பவும் 'ம்'."

எனக்குக் கோபம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வரும். எப்போதும் தப்பான நேரம் பார்த்து வரும்.

"ஆபீசர், இது ட்ரெஸ்பாஸிங்," என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் யாரும் குடியில்லை!"

ரெபெக்கா என் கையைக் கிள்ளினாள். ரத்தம் வருகிற கிள்ளு.

ஷ்ரேயா பேனாவைத் திறந்தாள்.

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. வீட்டை எடுத்துக்கொள்ள டவுன்ஷிப்புக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அதை நானே வாய் வலிக்கக் கத்தியிருக்கிறேன்.

"ஐயோ... ஆன்ட்டி குடியிருக்காங்கன்னு சொல்லுங்க," என்று தமிழில் கிசுகிசுத்தாள் ரெபெக்கா. "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் புரியாது. மாத்தி சொல்லுங்க."

ஷ்ரேயா நிமிர்ந்தாள்.

"அங்கிள், யெஸ் ஆர் நோ? இங்க யாராச்சும் லிவ் பண்றாங்களா, இல்லையா?"

தமிழ்! அது போதாதென்று 'அங்கிள்' வேறு.

"யெஸ். இவங்க லிவ் பண்றாங்க."

"நௌ ஐ ஹேவ் டு ஆஸ்க் ஹர்." ஆன்ட்டியிடம் திரும்பினாள். "ஆன்ட்டி, டூ யூ லிவ் ஹியர்?"

ஆன்ட்டி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லீங் கண்ணு. கெளம்பறேன். யாருன்னே தெரியாதுன்னுட்டாரு."

"ஆன்ட்டி, அது கோவத்துல..." என்று இழுத்தேன்.

"போலீஸைக் கூட்டியாந்தீங்க."

"நான் கூட்டிட்டு வரல, அவங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க."

ஆன்ட்டி சட்டிக்கு மூடி தேடினார். ஷ்ரேயாவின் பேனா தாளைத் தொட்டது. என் வீடு நெத்திலியோடு சேர்ந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

முழங்காலிட்டேன். சர்ச்சில்கூட முட்டிவலி என்று உட்கார்ந்தே ஜெபம் செய்கிறவன் நான்.

"இருங்க ஆன்ட்டி. ப்ளீஸ்."

ஆன்ட்டி மூடி தேடுவதை நிறுத்தினார்.

"வாசல்ல எம் பேரு போடோணும்."

"போடறேன்."

"என்னையக் கேக்காம நீங்க உள்ள வரப்படாது."

"என் வீட்டுக்கா?"

ரெபெக்கா இருமினாள்.

"சரிங்க."

ஆன்ட்டி ஷ்ரேயாவைப் பார்த்தார். "எழுதிக்க கண்ணு. நான் இங்கதான் குடியிருக்கறேன்."

ஷ்ரேயா சமையலறையையும் படுக்கையறையையும் பார்த்துவிட்டு, "நாட் வேகன்ட்," என்று எழுதினாள். அப்புறம் கூரையை நோக்கிக் கை நீட்டினாள்.

"அங்கிள், ஸ்மோக் அலாரம்ல பேட்டரி இல்ல. தட்ஸ் எ வயலேஷன். உங்க பேர்ல."

எல்லோரும் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

புகார் செய்தவர் ஃப்ளோரிடா போய்விட்டார். போலீஸ் அதிகாரி அன்றைக்கே ஒரு கிண்ணம் சாப்பிட்டார், மூக்கைப் பொத்திக்கொண்டுதான். ஷ்ரேயா சனிக்கிழமைகளில் வருகிறாள், ஆய்வுக்கு அல்ல. தீபக்கின் மனைவி மாமியாரிடம் குழம்பு வைக்கக் கற்றுக்கொள்கிறாள், அந்த வீட்டில் மட்டும். மகன் வீட்டில் அலாரம் அடிக்கவிட்ட இன்னும் இரண்டு ஆன்ட்டிகள் மாடியில் குடிவந்துவிட்டார்கள். ரெபெக்கா பாதி நாள் அங்கேதான்.

நான் மான்மவுத் ஜங்ஷனில் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இருக்கும் இந்த வீட்டில் ஆள் நடமாட்டமே இல்லை என்று போன வாரம் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள்.