ஊதாக் கண்ணாடிக்குக் கீழே

சோப்பு ஈரமாக இருந்தது.

லோர்னா விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். நுரைதான், சந்தேகமில்லை. சவரக்கடை அலமாரியில் காது உடைந்த பீங்கான் கிண்ணம் ஒன்று இருந்தது. அதற்குள் நின்ற தூரிகையின் நுனியில் வெள்ளை நுரை குமிழ்விட்டு, ஒவ்வொரு குமிழாகச் சத்தமில்லாமல் உடைந்துகொண்டிருந்தது. கிண்ணத்தைச் சுற்றி, சீப்புகளின் மேல், தோல் வெடித்த நாற்காலியின் மேல், எங்கு பார்த்தாலும் கனத்த தூசி. கடை மூடி நூறு வருஷமாகிறது என்று மேலே பழம்பொருள் கடைக்காரக் கிழவி வில்மா சொல்லியிருந்தாள்.

கிழவியின் வேலையாக இருக்கும் என்று லோர்னா நினைத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்க்கட்டும் என்று நுரையடித்து வைத்திருப்பாள். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கைப்பேசியில் படமெடுத்தாள்.

ப்ரெனர் என்ற அந்தச் சிற்றூர் கான்சஸ் மாநிலத்தின் நடுவில், அறுவடை முடிந்த கோதுமை வயல்களுக்கு மத்தியில், நெடுஞ்சாலையை விட்டு இருபது மைல் ஒதுங்கிக் கிடந்தது. ஊரைக் கட்டிய ஜெர்மன்காரர்கள் கடைத்தெருவின் நடைபாதைக்கு அடியிலும் ஒரு தெருவைத் தோண்டி, அங்கே சவரக்கடையும் குளியல் கூடமும் சேணக்கடையும் நடத்தினார்கள். பிற்பாடு யாரோ அதைப் பெரும்பாலும் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரையிலான தூரம் மட்டும். இந்தக் கோடியில் வில்மாவின் பழம்பொருள் கடை. அந்தக் கோடியில் பழைய வங்கிக் கட்டடம்.

இந்தப் பயணத்துக்கு, இப்படிக் கூட்டம் வராத இடங்களாகப் பார்த்துத்தான் லோர்னா பட்டியல் போட்டிருந்தாள். மார்ச் மாதம் இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து கூட்டத்தைக் கண்டாலே அவள் கணவன் வெண்டலுக்கு மூச்சு வாங்கியது. அவனுக்காகச் செய்தது அவனுக்கே பிடிக்கவில்லை.

"உலகத்துலயே பெரிய நூல் உருண்டையாம், அதப் பாக்க நாப்பது மைலு. எவனோ செத்துப்போன மாட்டுக்காரன் குடிசையப் பாக்க அறுவது மைலு. நல்லா லிஸ்ட்டு போட்ட, போ!" என்று காலையில் காரில் ஆரம்பித்தான். பேச்சுக்குப் பேச்சு வளர்ந்தது. கடைசியில் லோர்னா சொன்னாள்: "அந்த ஆபரேஷன் டேபிள்லயே நீ கண்ண மூடியிருந்தா ரெண்டு பேருக்குமே நிம்மதியா இருந்திருக்கும்."

வாயை விட்டுப் போன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. வெண்டல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ப்ரெனர் வரும்வரை அவன் திரும்பவேயில்லை.

"படி செங்குத்தா இருக்கும். உன் வீட்டுக்காரர் இறங்க வேண்டாம் கண்ணு, இங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஐஸ் டீ குடிக்கட்டும்" என்றாள் வில்மா. "நீ நேரா போயிட்டே இரு. இந்த வழியா திரும்பி வராத. அந்தக் கோடியில பேங்க் பக்கத்துல மேல ஏற படி இருக்கு. கதவ திறந்துதான் வெச்சிருக்கேன்."

"முதல் படி வரைக்குமாவது வாயேன் வெண்டல்" என்று லோர்னா கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"நீ போ" என்றான் அவன், ஐஸ் டீ டம்ளரைப் பார்த்தபடி.

மேலே வந்ததும் சொல்லிவிட வேண்டும். அந்த வார்த்தைகளை மனதுக்குள் கோத்துக்கொண்டேதான் அவள் இறங்கியிருந்தாள்.

சவரக்கடையை விட்டு வெளியே வந்தாள். செங்கல் நடையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். தோள் இரண்டு பக்கமும் உரசியது. ஒற்றைக் கம்பியில் வரிசையாகத் தொங்கிய பல்புகளின் மஞ்சள் வெளிச்சம். ஈரச் செங்கலும் நிலக்கரியும் ஊறிப்போன துணியும் கலந்த வாடை. கூரையில் பத்தடிக்கு ஒன்றாக இரும்புச் சட்டத்தில் சிறு சிறு கண்ணாடிக் கட்டிகளைப் பதித்திருந்தார்கள். அவைதான் மேலே நடைபாதைக்குத் தரை. எத்தனையோ வருஷத்து வெயிலில் அந்தக் கண்ணாடி ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே யாரோ நடந்து போனார்கள். செருப்பின் அடிப்பாகம் ஒரு கண்ணாடியில் கறுத்து, அடுத்ததில் கறுத்து, டொக் டொக்கென்று தலைக்கு மேலாகக் கடந்து போயிற்று. மாலை நான்கு மணிதான் ஆகியிருந்தது. மேலே நல்ல வெயில்.

குளியல் கூடத்தில் துத்தநாகத் தொட்டி ஒன்று. அதில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. சாம்பல் நிறத்தில், மேலே மெல்லிய ஆடை படர்ந்த தண்ணீர். ஏன் தொட்டுப் பார்க்கத் தோன்றியதோ, லோர்னா குனிந்து விரல்களை விட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன தண்ணீர்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மேலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபோது வில்மா இடுப்பைத் தட்டிக் காட்டிச் சொன்னாளே: "இந்த இடுப்பு எலும்ப மாத்தி வெச்சதிலேருந்து நாலு வருஷமா நான் கீழ இறங்கவே இல்ல. இந்த வாரத்துக்கு நீதான் முதல் ஆளு."

கையை உதறினாள். போதும், மேலே போய்விடலாம் என்று தோன்றியது. நடைக்குள் வந்து எட்டி வைத்து நடந்தாள்.

முன்னால் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள்.

நடை லேசாக வளைந்திருந்ததால் ஆள் தெரியவில்லை. காலடி மட்டும் கேட்டது. வலது கால் ஊன்றி வைக்க, இடது கால் சற்றே இழுபட்டு வந்தது. வேறு யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று லோர்னாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஹலோ! கொஞ்சம் நில்லுங்களேன், சேர்ந்து போலாம்!"

காலடி நிற்கவில்லை. வேகமெடுக்கவும் இல்லை. படியேறும் சத்தம் கேட்டது. மேலே ஒரு கதவு திறந்தது. பகல் வெளிச்சம் வழிந்து வந்து வளைவுச் சுவரில் ஒரு கணம் வெள்ளையாக நின்றது. சூடான காற்று முகத்தில் பட்டது. அறுத்த வயலின் வைக்கோல் மணம்கூட வந்தது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

லோர்னா ஓடினாள். பதினோரு படிகள். அவசர அவசரமாக ஏறினாள்.

கதவு இல்லை. செங்கல் சுவர்.

தள்ளிப் பார்த்தாள். உள்ளங்கை சில்லென்றது. கற்களுக்கு நடுவே சுண்ணாம்பு உதிர்ந்து, அந்தப் பிளவுகளில் கரும்பாசி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. ஒரு மூலையில் வேர் ஒன்று சுவரைத் துளைத்து உள்ளே வந்து, காய்ந்து, உடைந்தும் போயிருந்தது. இந்தச் சுவரை நேற்று இன்று எழுப்பவில்லை.

படி மாறிவிட்டதாக்கும், இன்னொரு படி இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அது ஒரே நடை. பிரியும் வழி ஏதும் அதில் இல்லை. கைப்பேசியை எடுத்தாள். சிக்னல் இல்லை. சரி, வந்த வழியே போய்விடலாம். வில்மா திட்டினால் திட்டட்டும்.

திரும்பினாள். குளியல் கூடத்தைக் கடக்கும்போது உள்ளே பார்க்கவில்லை. சவரக்கடையை நெருங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டும் சத்தம். சரக். சற்று இடைவெளி. சரக். அவசரமே இல்லாத கை. லோர்னா முகத்தை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, முதுகு கூச, வாசலைத் தாண்டினாள். சத்தம் நின்றது. அவள் தாண்டிய பிறகு மறுபடி தொடங்கியது.

அவள் இறங்கி வந்த படி அங்கேயே இருந்தது. ஏறினாள்.

செங்கல்.

அதே பாசி. அதே குளிர்ச்சி. கால் மணி நேரத்துக்கு முன் இந்த இடத்தில் பச்சை வர்ணம் அடித்த மரக்கதவு இருந்தது. கதவின் வழியாக வெண்டல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்திருந்தாள்.

கத்தினாள். நகம் பிய்யும்வரை சுவரைப் பிறாண்டினாள். யாரும் வரவில்லை.

படியிறங்கி நடைக்கு வந்தபோது கூரைக் கண்ணாடியில் ஒரு நிழல் விழுந்தது. பெஞ்சு இழுபடும் ஓசை. பிறகு ஒரு பெருமூச்சு. முப்பத்தோரு வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் அவள் கேட்டு வந்த பெருமூச்சு அது. வெண்டல்தான்! கடைக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் ஷூவின் அடி, அவள் தலைக்கு ஒன்றரை அடி உயரத்தில், ஊதா ஒளியில் மங்கலாகத் தெரிந்தது.

"வெண்டல்! வெண்டல், நான் கீழ இருக்கேன்! கதவு இல்ல வெண்டல்!"

ஷூ அசையவில்லை. சவரக்கடைக்கு வெளியே கிடந்த மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். முஷ்டியால் கண்ணாடியை இடித்தாள். சட்டத்திலிருந்து துரு உதிர்ந்து அவள் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

அப்போது மேலே, வங்கிப் பக்கமிருந்து காலடி வந்தது. வலது கால் ஊன்றி, இடது கால் இழுபட்டு. மூன்று வருஷத்துக்கு முன் பனியில் விழுந்து முட்டி பிசகியதிலிருந்து தான் அப்படித்தான் நடக்கிறோம் என்பது லோர்னாவுக்கு அந்த நொடியில் உறைத்தது.

"நேரமாக்கிட்டேனா?" என்றது ஒரு குரல். அவளுடைய குரல்.

"இல்லயே. என்ன, சிரிச்சுக்கிட்டே வர்ற?" என்றான் வெண்டல்.

"காலைல நான் சொன்னது ரொம்பத் தப்பு. மனசுல வெச்சுக்காத வெண்டல். நீ இல்லாட்டி எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் கோத்து வைத்திருந்த வார்த்தைகள். ஒன்று விடாமல்.

பெஞ்சு கிரீச்சிட்டது. வெண்டல் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "முப்பத்தோரு வருஷத்துல நீ ஒரு தடவையாவது முதல்ல இறங்கி வந்திருக்கியா, சொல்லு!"

"அதான் இன்னிக்கு இறங்கிட்டேனே."

அவன் சிரித்தான். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து லோர்னா கேட்டதில்லை. கீழே, பெட்டியின் மேல் நின்று, அவள் இரண்டு கையாலும் இடித்தாள். விரல் முட்டியிலிருந்து ரத்தம் மணிக்கட்டுக்கு வழிந்தது.

"இரு, இரு. என்னமோ சத்தம் கேக்குது. அடியில யாரோ தட்டுற மாதிரி."

முட்டி சொடுக்குவிட, வெண்டல் மெல்லக் குனிந்தான். அவன் முகம் கண்ணாடிக்கு மேலே வந்தது. கையை நெற்றியில் குடையாக வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தான். நேராக அவள் கண்ணுக்குள். அவள் உதட்டைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து அவன் பெயரைச் சொன்னாள்.

"ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு" என்றான்.

அவன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் குனிந்தது. அவளுடைய முகம். அவளுடைய மூக்குக் கண்ணாடி.

அது இருட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. நிதானமாக, பரிவாகக்கூட.

"பழைய பைப்பா இருக்கும். எந்திரி, வெயில் மண்டையப் பொளக்குது. என் கையப் பிடிச்சுக்கோ. மெதுவா."

இரண்டு முகங்களும் விலகின. காலடிகள். சேர்ந்து நடக்கும் இரண்டு ஜோடிக் காலடிகள்.

"நல்லா இருந்துச்சா கண்ணு?" வில்மாவின் குரல், வாசலிலிருந்து.

"ரொம்ப. வெளிய வரவே மனசில்ல."

"கீழ வேற யாரும் இல்லையே? விளக்க அணைச்சிடறேன்."

"யாரும் இல்ல."

கார்க் கதவு ஒன்று. இன்னொன்று. எஞ்சின் உறுமிக் கிளம்பி, தெருமுனையில் தயங்கி, மெல்லத் தேய்ந்தது.

பல்புகள் அணைந்தன. எல்லாம் ஒரே சொடுக்கில்.

லோர்னா அலறினாள். தொண்டை கிழிய அலறினாள். அவள் காதில் எதுவும் விழவில்லை. மறுபடி வாயைத் திறந்தாள். மூச்சு போனது. சத்தம் இல்லை. கண்ணாடியை இடித்தாள். கை வலித்தது. சத்தம் இல்லை.

மஞ்சள் வெளிச்சம் போன பிறகு ஊதா வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. கண் பழக நேரம் பிடித்தது. நடை நெடுகக் கூரைக் கண்ணாடிகளிலிருந்து அது தூண் தூணாக இறங்கியிருந்தது. பத்தடிக்கு ஒரு தூண்.

ஒவ்வொரு தூணிலும் ஆட்கள் நின்றார்கள்.

கழுத்தில் கேமரா தொங்கிய ஒரு தடித்த ஆள். ராணுவத் தொப்பி வைத்த ஓர் இளைஞன். கணுக்கால்வரை பாவாடை கட்டிய இரண்டு பெண்கள். அவர்களுக்கு அப்பால் இன்னும், வளைவு மறைக்கும்வரை இன்னும். எல்லோர் முகமும் அண்ணாந்திருந்தது. எல்லோர் வாயும் அகலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. முஷ்டிகள் கண்ணாடியில் போய்ப் போய் மோதின. ஓசையே இல்லை. மேலே யாரோ நடந்து போனார்கள். அந்தக் காலடிக்குக் கீழே எல்லாக் கைகளும் ஒன்றாக வேகமெடுத்து, அது போனதும் ஒன்றாகத் தளர்ந்தன.

லோர்னாவுக்கு மிக அருகில், அவள் ஏறியிருந்த பெட்டியை ஒட்டி, பூப்போட்ட சட்டைக்காரி ஒருத்தி நின்றாள். இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறாள். அவள் லோர்னாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மேலிருந்து எடுக்கவில்லை. அரை அடி மட்டும் நகர்ந்து, கண்ணாடிக்குக் கீழே இடம் விட்டாள்.