நீதிபதியின் நீளமான சொல்

என் பெயர் நிக்கத். வகுப்பில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் உடனே பதில் சொல்லிவிடுவேன். பதில் சரியா என்பது வேறு விஷயம்.

மறுநாள் ஆண்டுவிழா. ஆங்கில நாடகத்தில் செவிலிமேட்டு தேவிப்ரியாதான் நீதிபதி. அவளுக்கு ஒரே வசனம், கடைசியில் சொல்லும் தீர்ப்பு. அதில் ஒரே ஒரு சொல்தான் கஷ்டம்: மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்.

“இங்கிலீஷ்ல பதினாறு எழுத்துபா! பார்த்தாலே மூச்சு வாங்குது,” என்றாள்.

“இவ்ளோதானா? நான் டெய்லர் பொண்ணு. வெட்டித் தர்றேன்.”

அவள் வசனக் காகிதத்தில் நாலு நாலு எழுத்தாகக் கோடு போட்டேன். அவளும் நம்பி மனப்பாடம் செய்தாள்.

ஒத்திகையில் நீதிபதி எழுந்தார். “மிசு... ந்தர்... ஸ்டான்... டிங்!”

“யாரும்மா அந்த சுந்தர்?” என்றார் புவனேஸ்வரி டீச்சர். “எதுக்கு நின்னுக்கினு இருக்கான்?”

மரமாக நடித்த யுவன் கிளை குலுங்கச் சிரித்தான்.

“காலைலயும் சரியா வரலைன்னா யுவன் நீதிபதி ஆவட்டும்,” என்றார் டீச்சர்.

தேவிப்ரியாவின் கண் கலங்கியது. கோடு போட்டது நான்தானே!

மாலையில் அவளை எங்கள் தையல் கடைக்குக் கூட்டிவந்தேன். அப்பா தொழுகைக்குப் போயிருந்தார். மேசையில் ஒரு பட்டுப்புடவை, ஜாக்கெட் துணியை வெட்டி எடுப்பதற்காகக் காத்திருந்தது.

தேவிப்ரியா டேப்பை எடுத்தாள். “எத்தனை இஞ்ச்ல வெட்டணும்?”

“ஐயையோ, அளந்து வெட்டக்கூடாது! நெய்யறவங்களே புடவைக்கும் ஜாக்கெட் துணிக்கும் நடுவுல வெறும் நூலா இடம் வுட்டிருக்காங்க பாரு. அங்கதான் கத்தரி வெக்கணும். இல்லன்னா புடவையும் போச்சு, ஜாக்கெட்டும்...”

அப்படியே நிறுத்திவிட்டேன்.

“என்னாச்சு நிக்கத்?”

“உன் வார்த்தையை நான் டேப் வெச்சு வெட்டிட்டேன்பா!”

காகிதத்தை விரித்தோம். இதில் எங்கே இடம் விட்டிருக்கிறார்கள்?

“மிஸ்! பஸ்ஸை மிஸ் பண்றோமே, தவறிப்போறது,” என்றேன்.

“அண்டர்ஸ்டேண்ட்! அது புரிஞ்சுக்கிறது. எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்!”

“மிச்சம் ஒரு இங். சின்ன பார்டர்.”

பிறகு ஓசைக்கு ஒரு கைதட்டு தட்டிச் சொல்லிப் பார்த்தோம். மிஸ், அண், டர், ஸ்டேண், டிங். ஐந்தே தட்டு!

தேவிப்ரியா திடீரென்று நிமிர்ந்தாள். “அப்போ யாரும் தப்பு பண்ணல, தப்பா புரிஞ்சுக்கினாங்க, அவ்ளோதானா? நான் இத்தனை நேரமா கோவமா சொல்லிக்கினு இருந்தேனே! சிரிச்சுக்கினு சொல்லணும்பா!”

காலை ஒத்திகையில் டீச்சர் சரியென்று தலையாட்டினார்.

மாலையில், மேடையில் நீதிபதி சிரித்த முகத்தோடு எழுந்தார். சொல் தெளிவாக வந்தது. கைதட்டலும் வந்தது. மகிழ்ந்துபோன நீதிபதி மறுபடியும் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

நாலாவது முறை, மரம் வேரோடு நடந்து வந்து நீதிபதியை உள்ளே அழைத்துப் போக வேண்டியதாயிற்று.