எச்சில் பட்டன்

பழைய டூத் பிரஷ்ஷால் அவள் ரிமோட்டைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். இது மூன்றாவது முறை. துடைத்து வைத்தால், வால்யூம் பட்டன் மட்டும் மறுபடி ஈரமாகிவிடுகிறது.

அரை மணியில் நாத்தனார் வந்துவிடுவாள். காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள்: "அப்பாவோட ரிமோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க அண்ணி. கடைசியா அவர் கையில இருந்தது அதுதானே."

இந்த அசிங்கத்தை அவள் பார்த்தால் போதும். மருமகள் மாமனாரைத் தங்கமாகத் தாங்கினாள் என்று உறவு முழுக்கப் பேசும் பேச்சு ஒரே நாளில் கவிழ்ந்துவிடும்.

வாங்கிய அன்று போட்ட பிளாஸ்டிக் உறை. புதுசு கெடக் கூடாதாம். ரிமோட்டுக்கு ரெயின்கோட் என்று கணவன் கிண்டலடிப்பான். ஐந்து வருடம் கழித்து இன்று அதைக் கத்தரித்தபோது, புளித்த பாலும் தலையணை அழுக்கும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உறையின் உள்பக்கம் பிசுபிசுவென்று, உரித்த தோல் மாதிரி விரலில் ஒட்டியது. பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு மாமனாருக்கு ரிமோட்தான் வாய். கட்டைவிரலை நக்கிக்கொண்டு வால்யூமை ஏற்றுவார். சத்தம் ஏறினால் 'வா' என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாற்பது 'வா'. அந்தக் கட்டைவிரல் உறையில் ஓட்டையே போட்டிருந்தது. மூடியை நெம்பி, ரப்பர் பட்டன் தாளை உரித்தால், அடியில் நரைமுடி, நகத்துண்டு, ரொட்டித்தூள், ஒரு கரப்பான் கால், எல்லாம் எச்சிலில் குழைந்து கிடந்தன.

அத்தனையையும் வழித்தாயிற்று. பேட்டரியையும் கழற்றியாயிற்று. ரப்பர் தாளை ஸ்பிரிட்டில் அலசி மேஜையில் விரித்தாள். பளிச்சென்று இருந்தது.

கை கழுவிவிட்டுத் திரும்பினாள்.

பட்டன் ஈரம்.

தொட்டாள். வெதுவெதுப்பு. விரலை எடுத்தபோது நூல் நூலாகக் கூடவே வந்தது. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்தாள்.

ஹாலில் டிவி தானாக உயிர் பெற்றது.

முப்பது. நாற்பது. திரையில் பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. மேஜையில் தனியாகக் கிடந்த ரப்பர் தாளில் அந்த ஒரு பட்டன் அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. அமுங்கும்போதெல்லாம் விளிம்பில் நுரை. மஞ்சள் நுரை. மேஜை ஓரம் வரை வந்துவிட்டது.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாத்தனார் உள்ளே நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி இது? தெருமுனையில திரும்பும்போதே காதைப் பிளக்குது."

மேஜையை விட்டு அவள் நகரவில்லை.

அன்றைக்கும் நகரவில்லை. பால் வாங்கக் கடைக்குப் போன பத்து நிமிஷத்தில் மாமா போய்விட்டார் என்று எல்லோரிடமும் அழுதிருந்தாள். கடைக்கு அவள் போகவேயில்லை. சத்தம் ஏறி ஏறி நூறில் முட்டி நின்றபோது, சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அதன்மேல் சாய்ந்து, டம்ளரில் இருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.