இரண்டு அலெக்ஸாண்ட்ரியாக்காரர்கள்

பிணம் மல்லாந்து கிடந்தது.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், மியூசியத்துக்குப் பின்னால், மூவாயிரத்து ஐந்நூறு வருடப் பழைய எகிப்தியக் கல்தூணின் காலடியில்... மண்டை பிளந்து!

பக்கத்தில் ரத்தம் தோய்ந்த இரும்புக் கரண்டி.

கரண்டி ஹாதெமுடையது. ஐந்தாம் அவென்யூவில் தள்ளுவண்டி போட்டுக் கோழியும் சோறும் விற்கிறவன். பன்னிரண்டு வருடம் காத்திருந்து, வருகிற வெள்ளிக்கிழமைதான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கப் போகிறான். மனைவி நாதியா கோட்டுக்கு இஸ்திரி கூடப் போட்டுவிட்டாள்.

இன்று செவ்வாய். கையில் விலங்கு.

பிரமாதம், என்று நினைத்துக்கொண்டான்.

"கரண்டி உன்னுதா?" துப்பறியும் அதிகாரி மாரிசோல் ஃபிகரோவா கேட்டாள். பிராங்க்ஸ் பேட்டைக்காரி. யாரையும் நம்பாத முகம்.

"என்னுதுதான் மேடம். ஐஸ் வாங்கப் போய்ட்டு வந்து பாத்தா, காணோம்."

"கரண்டிக்குக் கால் முளைச்சுதா?"

"வேற யாரோட கையோ முளைச்சிருக்கு."

"வாய் ஜாஸ்தி. எந்த ஊர் நீ?"

"அலெக்ஸாண்ட்ரியா. இந்தத் தூணும் எங்க ஊர்தான். கப்பல்ல வந்து இறங்கினப்ப அதுகிட்ட யாரும் பேப்பர் கேக்கல."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் கோழி விக்கிறவன். இதை நட்ட ராஜா என்ன, எங்க சித்தப்பாவா?"

ஃபிகரோவா சிரிக்கவில்லை. கழுத்தில் கேமரா தொங்கிய ஒருவரைக் கைகாட்டி அழைத்தாள். பெயர் காலின்ஸாம்.

"பாத்ததைச் சொல்லுங்க, மிஸ்டர் காலின்ஸ்."

"காலைலதான் பாஸ்டன்லேர்ந்து வந்தேன். இந்தப் பார்க்குக்குள்ள இதான் முதல் தடவை. இந்த ஆள் கரண்டியால ஓங்கி அடிச்சதை என் கண்ணால பாத்தேன்."

ஹாதெம் கையிலிருந்த விலங்கைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை போயிற்று. கோட்டும் போயிற்று!

"போலீசுக்குப் போன் பண்ணது நீங்கதானே?" ஃபிகரோவா தன் செல்போனில் பதிவை ஓட விட்டாள்.

காலின்ஸின் குரல் பதறியது...

"இங்க ஒரு கொலை! விளக்குக் கம்பம் எட்டு ஒண்ணு நாலு ரெண்டு. அதாவது எண்பத்தொண்ணாவது தெரு, கிழக்குப் பக்கம். சீக்கிரம் வாங்க!"

ஹாதெம் நிமிர்ந்தான்.

"மேடம்... அந்தக் கம்பத்துல ஒட்டியிருக்கறது வெறும் நாலு நம்பர். தெருவும் கிடையாது, கிழக்கும் கிடையாது."

"அதனால?"

"முதல் ரெண்டு நம்பர் தெரு. கடைசி நம்பர் இரட்டைப்படையா இருந்தா கிழக்கு. இது இந்த ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. காலைல வந்து இறங்கினவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

ஃபிகரோவா காலின்ஸ் பக்கம் திரும்பினாள்.

காலின்ஸ் தொண்டையைச் செருமினார். "எங்கயோ... படிச்சேன்."

"எங்கன்னு அப்புறம் சொல்லுங்க. முதல்ல பர்ஸை எடுங்க," என்றாள் ஃபிகரோவா.

பர்ஸிலிருந்த லைசென்ஸில் காலின்ஸ் இல்லை. விட்னி தார்ன்பர்ன் இருந்தார். வீடு, பார்க்கிலிருந்து நாலு தெரு தள்ளி!

பிணத்தின் பையில் கிடைத்த விசிட்டிங் கார்டை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 'ஆல்ட்ரிட்ஜ் அண்ட் தார்ன்பர்ன். எகிப்தியக் கலைப்பொருட்கள்.'

"செத்தவர் உங்க பார்ட்னரா? கண்ணால பாத்தேன்னீங்க... ரொம்பக் கிட்டத்துலேர்ந்து போல."

தார்ன்பர்ன் தூணின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாங்க வித்ததெல்லாம் போலிச் சிலைன்னு ஊருக்கே சொல்லப் போறேன்னான்... கெஞ்சினேன், கேக்கல."

விலங்கு கை மாறியது.

ஹாதெம் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க, ஹாதெம். வெள்ளிக்கிழமை நிம்மதியாப் போய்ட்டு வாங்க," என்றாள் ஃபிகரோவா. "ஆமா, பாதிப் பேருக்குத் தெரியாத கம்பத்துக் கணக்கு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"பார்க்குக்குள்ள கண்ட இடத்துல வண்டி நிறுத்தினேன்னு எனக்கு இதுவரைக்கும் பதினாலு அபராதச் சீட்டு கிழிச்சிருக்காங்க மேடம். ஒவ்வொண்ணுலயும் கம்பத்து நம்பரும் பக்கத்துலயே தெருவும் இருக்கு. இந்தப் பார்க்கையே மனப்பாடம் பண்ண வச்சுட்டாங்க!"