கீழ்வரிசைப் பெயர்கள்

காலையில் பருந்து வந்து போகும்வரை நினைவுச் சதுக்கத்தில் யாரும் இட்லிப் பானையைத் திறப்பதில்லை. ஆவி சுவர்ப் பக்கம் போய்விடக் கூடாது என்று மாநகராட்சி போட்ட உத்தரவு அது. மாடியில் துணி காயப் போடக் கூடாது, குடை விரிக்கக் கூடாது, சாம்பிராணிப் புகையும் கூடாது. ஆற்றைத் தாண்டி வடகரையிலிருந்து வரும் அந்தச் சின்ன எந்திரம் சுவரில் வெட்டியுள்ள பெயர்களை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்துவிட்டுத் திரும்பும். அதன் பிறகுதான் ஊர் டீ ஆற்றும், பிள்ளைகளைத் திட்டத் தொடங்கும்.

அரசுக் காகிதங்களில் அதன் பெயர் பெயர்நோக்கி. நாங்கள் பருந்து என்போம். கோழிக்குஞ்சுகளுக்குத் தெரியாதா பருந்து எதுவென்று?

நான் தமயந்தி. தென்கரை மாநகராட்சியின் மனுப் பிரிவுக் கண்காணிப்பாளர். சாக்கடை அடைப்பு, தெருநாய், குழாயில் காற்று மட்டும் வருவது என்று குவிகிற மனுக்களுக்கு நடுவே சுவரைப் பற்றியும் மாதம் தவறாமல் ஒரு மனு வரும். வராமல் எப்படி இருக்கும்? அந்தச் சுவரில் இருப்பவை எங்கள் ஊர்ப் பெயர்கள் அல்ல. குடிநீருக்காக நடந்த போரில் செத்த வடகரையாரின் பெயர்கள். எங்கள் குண்டில் செத்தவர்களும் உண்டு, எங்களைக் கொல்ல வந்து செத்தவர்களும் உண்டு. அதேபோல் வடகரையின் நடுவில் ஒரு சுவரில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. உன் பிணத்தை நான் சுமக்கிறேன், என் பிணத்தை நீ சும என்பதுதான் பெயர் உடன்படிக்கை.

மனிதர்கள் காவல் காத்த சண்டைநிறுத்தங்கள் எல்லாம் முறிந்துபோனதால், இந்த ஒன்றை எந்திரங்களிடம் கொடுத்துவிட்டார்கள். காலையில் அவர்களுடைய பருந்து எங்கள் சுவரைப் படிக்கும். மாலையில் எங்கள் பருந்து அவர்கள் சுவரைப் படிக்கும். ஒரு பெயர் தெரியாமல் போனாலும் அது அலறும். அலறியதிலிருந்து ஒரு நாழிகை அவகாசம். அதற்குள் அந்தப் பெயர் மறுபடி தெரியாவிட்டால் பருந்தை அனுப்பிய கரையின் பீரங்கிகள் எதிர்க்கரையைத் தாமாகவே சுடும். நிறுத்துகிற விசை எந்த மேயரிடமும் கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

இந்த மாத மனு பொன்னுரங்கத்தினுடையது. ட்ராம் ஓட்டுநர், அதிர்ந்து பேசாதவர். சுவரில் உள்ள குணாளன் என்ற பெயரை நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். போரின் கடைசி வாரத்தில் பள்ளிப் படகை மூழ்கடித்தவன் குணாளன். அந்தப் படகில் பொன்னுரங்கத்தின் ஒரே மகள் மதிவதனி இருந்தாள். பாதி ஊர் கையெழுத்துப் போட்டிருந்தது. அத்தனை கையெழுத்து இருந்தால் மன்றம் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும், வழக்கம்போல் ஒத்திவைக்க முடியாது.

வாக்கெடுப்புக்கு முன்பு உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்தேன். ஒவ்வொருவரும் மனுவுக்கு ஆதரவாகத்தான் கை தூக்கப் போவதாகச் சொன்னார்கள். தேர்தல் வருகிறதே. மற்றவர்கள் தோற்கடித்துவிடுவார்கள் என்ற தைரியம் ஒவ்வொருவருக்கும். எல்லாரும் அப்படியே கை தூக்கினால் தோற்கடிப்பது யார்? மனு நிறைவேறினால் கல்தச்சர் போய்ச் செதுக்கி எடுப்பார், மறுநாள் காலையில் ஊர் இருக்காது.

இருகரைத் தொலைபேசியில் வடகரையின் மனுப் பிரிவைக் கூப்பிட்டேன். அங்கே என் வேலையைச் செய்பவர் ஆரூரன். மதிவதனியின் பெயர் அவர்கள் சுவரில் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் கேட்டேன். படகுப் பிள்ளைகள் கடைசியில் செத்தவர்கள், அதனால் அவர்கள் பெயர்கள் தரையை ஒட்டிய கீழ்வரிசையில் இருந்தன. ஆரூரன் அனுப்பிய காணொளியில் ஒரு பெண்மணி சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த வரிசையை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். குணாளனின் தாய் அஞ்சுகம் என்றார் ஆரூரன். தினமும் வருகிறாராம், யாரோடும் பேசுவதில்லையாம்.

அதைப் பொன்னுரங்கத்தின் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் 'ம' என்ற எழுத்தின் வளைவுக்குள் விரலை விட்டுத் துடைத்தபோது பொன்னுரங்கத்தின் முகம் கோணியது.

"சாப்பிட்டு முடிச்சதும் எம் பொண்ணுக்கு வாய் துடைச்சு விடுவேன் மேடம். இப்படித்தான் துடைப்பேன்" என்றார்.

அன்று மாலையே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பருந்து அலறியது.

அந்த ஒலியை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. காதில் ஊசி இறங்குவது போல இருந்தது. செருப்பில்லாமல் சதுக்கத்துக்கு ஓடினேன். சுவரின் முன்னால் பொன்னுரங்கம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். குணாளன் என்ற பெயரின் மேல் கெட்டியாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ரோஜா மாலையும் சாத்தியிருந்தார். பருந்து நினைப்பே அவருக்கு வரவில்லை. செத்தவருக்கு மரியாதை செய்ய நமக்கு வேறென்ன தெரியும்?

ஆற்றுக்கு அப்பால் வடகரையின் பீரங்கிகள் தலை தூக்குவது தெரிந்தது. மாலையை யாரோ பிய்த்தெறிந்தார்கள். எழுத்துகளுக்குள் இறங்கிய சந்தனம்தான் போக மறுத்தது. இட்லிக் கடைக்காரர் வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்ற, பொன்னுரங்கம் நகத்தாலேயே சுரண்டினார். விரல்களில் ரத்தம் வந்தது. நான் ஆரூரனின் எண்ணை அழுத்தினேன். ஆரூரனால் பீரங்கியை நிறுத்த முடியாது, ஆனால் பருந்தை இன்னொரு முறை படிக்கச் சொல்ல முடியும். சொன்னார். எழுத்துகள் தெளிந்ததும் அது இறங்கி வந்தது, படித்தது, அலறல் நின்றது. பீரங்கிகள் மெல்லத் தாழ்ந்தன. சதுக்கத்தில் பலர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

என்ன நடந்தது என்று ஆரூரன் கேட்டார். சொன்னேன்.

"இத அஞ்சுகம்மாகிட்ட சொல்லலாமா மேடம்?" என்றார்.

"தாராளமா சொல்லுங்க. ஆனா அவங்க பூ கொண்டு வந்தா சுவர்ல மாட்ட விட்றாதீங்க."

"மாட்ட விட மாட்டேன். தரையில வைக்கச் சொல்றேன்."

மாலையில் எங்கள் பருந்து புறப்பட்டபோது பொன்னுரங்கம் என் அலுவலகத்துக்கு வந்தார். விரல்களில் கட்டுப் போட்டிருந்தது. அந்த அம்மாளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். பருந்து பார்ப்பதைக் காட்டும் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அஞ்சுகம் மட்டும் வரவில்லை. வடகரையே வந்திருந்தது. செய்தி பகலுக்குள் தெருத் தெருவாகப் போயிருக்க வேண்டும். கைக்குழந்தையோடு, தள்ளுவண்டியோடு, கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் பூ. ஒருவர்கூடச் சுவரைத் தொடவில்லை. சொன்னபடியே தரையில் வைத்தார்கள். முதலில் வந்தவர் வைத்ததன் மேல் அடுத்தவர் வைத்தார். சாமந்தியும் அரளியும் கோழிக்கொண்டையும் சுவரின் அடியில் குவிந்து ஏறிக்கொண்டிருந்தன.

"பாருங்க மேடம், எம் பொண்ணுக்கு எவ்வளவு பூ" என்றார் பொன்னுரங்கம். அவருக்குக் கண்ணீர் கொட்டியது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

நான் சுவரின் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பருந்து மேல்வரிசையிலிருந்து படித்துக்கொண்டே இறங்கியது. கீழ்வரிசையே காணவில்லை. படகுப் பிள்ளைகள் எல்லாரும் பூவுக்குள் இருந்தார்கள்.

பருந்து அலறியது. எங்கள் அலுவலக மாடிக்கு மேலே பீரங்கிகள் வடகரையை நோக்கித் திரும்பும் ஓசையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆரூரனைக் கூப்பிட்டேன். எடுத்தார். கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். "வழி விட மாட்டேங்கிறாங்க மேடம், பின்னாடி இருக்கறவங்களுக்கு விஷயமே புரியல" என்று கத்தினார். பிறகு தொலைபேசி எங்கோ விழுந்து, காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

திரையில், முன்னால் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. அஞ்சுகம் மண்டியிட்டு இரண்டு கையாலும் பூவை வாரிப் பின்னால் எறிந்தார். அவரோடு இன்னும் பலர் வாரினார்கள். தெருமுனையில் இருந்தவர்களோ அலறலை வேறென்னவோ என்று நினைத்து, நெருங்க முடியாததால் தங்கள் மாலைகளைக் கை மாற்றிக் கை மாற்றி முன்னால் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அஞ்சுகம் வாரிய இடத்தில் அவை வந்து விழுந்தன.

நாழிகை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. மன்றக் கூடத்திலிருந்து மேயர் என்னைக் கூப்பிட்டு, ஏதாவது செய்யுங்கள் என்றார். என்ன செய்ய? பருந்தை மறுபடி படிக்கச் சொல்லலாம், படிக்கப் பெயர் தெரிய வேண்டுமே.

பொன்னுரங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்கு மிக அருகில் போனார். கழுத்திலிருந்த துண்டை எடுத்து, பூக்கள் தெரிந்த இடத்தில் வைத்து அழுத்தி, கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.